மலைக்கு முள் கட்டியவள்

எர்மெலிந்தா என்பது தேவாலயத்தில் வைத்த பெயர். ஊர் வைத்த பெயர் காஞ்சொறி. பட்டால் அரிக்கும், அரித்தால் லேசில் விடாது. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள்; அவளும் கோபித்துக்கொள்ளாமல் "என்னவாம்?" என்று திரும்பிப் பார்ப்பாள். ஐம்பதை நெருங்கும் வயதிலும் கால் ஓரிடத்தில் தரிக்காது. வறுத்த சோளத்தைக்கூட நின்றுகொண்டேதான் கொறிப்பாள். உட்கார்ந்தால் ஏதோ ஒரு வேலை தன்னை ஏமாற்றிவிட்டு ஓடிவிடும் என்று நினைப்பு. புருஷன் தலைநகர் லீமாவில் மகன் வீட்டோடு போய் இருந்துவிட்டார். "இங்க வந்துடு, குழாயத் திறந்தா தண்ணி கொட்டுது" என்று அவ்வப்போது போனில் கூப்பிடுவார்.

"அந்தக் குழாய்க்குத் தண்ணி எங்கேர்ந்து வருதாம்? எங்க மலையிலேர்ந்துதானே? நான் மூலத்துலயே இருந்துக்கிறேன்" என்று போனை வைத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் அந்த வருஷம் இன்னும் மோசமாகிப்போனாள். காலையில் பாலைக் கறந்து, பாலாடைக்கட்டிக்கு உறை ஊற்றி, மூடியும் மூடாமலும் வைத்துவிட்டுக் கீழூருக்கு இறங்கி ஓடுவாள். அங்கே ஊற்றுக்கண்ணைக் குனிந்து பார்ப்பாள். மூச்சு வாங்க மேலூருக்கு ஏறுவாள். மத்தியானம் மறுபடியும் இறங்குவாள். பார்த்தால் ஊறிவிடுமா என்ன? ஆனால் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

எங்கள் ஊர் யானாபுக்கியோ. புக்கியோ என்றால் ஊற்று. பெயரில் ஊற்று இருந்தது, ஊரில்தான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சரிவில் மேல்பாதி மேலூர், கீழ்ப்பாதி கீழூர். மேலூருக்கு வாய்க்கால் உண்டு, வாய்க்கால் போய் விழும் குளம் உண்டு. கீழூருக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரே ஊற்று. குடிக்க, துவைக்க, கிழங்குப் பாத்திக்குப் பாய்ச்ச, மாட்டுக்குக் காட்ட, எல்லாம் அதில்தான். சில கோடைகளாகவே அது மெலிந்துகொண்டு வந்தது. இப்போது பாசியும் காய்ந்துவிட்டது. குடத்தை வைத்துவிட்டுப் போனால் வேறு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து பார்க்கலாம், அப்போதும் நிரம்பியிருக்காது. இரண்டு குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டன. அடுத்தது பசிலியா குடும்பம் என்று பேச்சு.

பசிலியாவின் மகனுக்கு ஞானத்தாய் எர்மெலிந்தா. அப்படியென்றால் அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. எங்கள் பக்கம் இந்த உறவு ரத்த உறவுக்கு ஒரு படி மேல். கொமாத்ரே ஆகிவிட்டால் அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. சண்டை போட்டாலும் கொமாத்ரே என்று சொல்லித்தான் திட்ட வேண்டும். அந்தப் பசிலியா இப்போது அவளைத் தலைவியம்மா என்று கூப்பிட்டாள்.

"வாங்க தலைவியம்மா. நேத்துக்கு இன்னிக்கி ஏதாவது கூடியிருக்கா? நல்லாக் குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க."

"கொமாத்ரே, நான் என்ன வேணும்னா..."

"இங்க கொமாத்ரே யாரும் இல்ல. மாடு குடிக்கணும், தள்ளி நில்லுங்க."

அது வெறும் குத்தல் இல்லை. யானாபுக்கியோவுக்கு முதல்முதலில் தலைவியாக வந்த பெண் எர்மெலிந்தாதான். அந்தப் பதவியில் அவள் செய்த பெரிய காரியம், வாய்க்காலுக்குச் சிமெண்டு கொண்டுவந்தது.

வாய்க்காலை யார் வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஸ்பானியர் வருவதற்கும் முந்தியது. மழைக்காலத்தில் உச்சி ஓடையின் தண்ணீரைப் பிடித்து, மலையின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மேலூர்க் குளத்தில் விடும். வழியில் ஞுஞு என்று ஓர் இடம். அங்கே வந்தால் பாதித் தண்ணீர் காணாமல் போய்விடும். கற்களுக்கு நடுவே இறங்கும், மண்ணுக்குள் போகும், அவ்வளவுதான். எர்மெலிந்தாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். மழையும் முன்போல இல்லை. மாதக்கணக்கில் நிதானமாகப் பெய்த காலம் போய், கொஞ்ச நாள் வெறிபிடித்ததுபோல் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. மலைத்தலையிலிருந்த பனியும் உருகி வழுக்கை விழுந்துவிட்டது. கிடைக்கிற கொஞ்சத்தையும் ஓட்டைப் பானையில் பிடிப்பதா என்று நகரத்தில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். காஞ்சொறி பட்டால் விடுமா? சிமெண்டு வந்தது. ஞுஞுவில் அடியும் கரையும் பூசி, வாய்க்கால் வழவழவென்று ஆனது. திறப்பு விழாவுக்குப் பேண்டு வாத்தியம், ஆட்டுக்கறி, சோளக்கள். கரையில் ஒரு கல், கல்லில் அவள் பெயர். அன்று அவள் தொப்பியில் பூச்செருகியவள் பசிலியா. இந்தச் சிமெண்டை யார் உடைத்தாலும் அந்தப் பருவம் முழுக்க அவர்களுக்கு முறைத்தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டவளும் எர்மெலிந்தாவேதான்.

அந்த வருஷம் குளம் வாய்தொட நிரம்பியது. அதே வருஷம்தான் கீழூர் ஊற்று மெலியத் தொடங்கியது.

காலம் கெட்டுப்போச்சு என்றார்கள் மேலூர்க்காரர்கள். மழை கெட்டதும் பனி போனதும் கண்ணெதிரே நடந்தவை, யார் மறுக்க முடியும்? ஆனால் கெட்ட காலத்துக்கு நடுவில் தன் கைவேலையும் கலந்திருக்கிறதோ என்ற அரிப்பு எர்மெலிந்தாவை விடவில்லை. யாராவது பிடிவாதமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். பசிலியா கேட்கவில்லை. தலைவியம்மா என்று மட்டும் சொன்னாள்.

ஹிமேனா வந்தது அந்தச் சமயத்தில்தான். வாய்க்காலைப் பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அதன் கரையோரமாக நடைபாதை, உட்காரக் கல், இடத்துக்கு இடம் பெயர்ப்பலகை என்று வரைந்து கொடுக்க லீமாவிலிருந்து அனுப்பப்பட்டவள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த இளம்பெண். ஊர் அவளை இன்ஜினியரம்மா என்றது.

"நான் இன்ஜினியர் இல்லீங்க. நிலத்த வடிவமைக்கிறவ" என்றாள் அவள்.

இப்போதைய தலைவர் செனோபியோ, எர்மெலிந்தாவின் கொழுந்தன், கன்னத்தில் கோக்கா இலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "நிலத்த ஏற்கெனவே வடிவமைச்சாச்சேம்மா. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், ஹிமேனாவும் கூடவே சிரித்தாள். அதனால் ஊருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எர்மெலிந்தா மட்டும், "நகரத்துக்கு நாம தண்ணி குடுக்குறோம், நகரம் நமக்குப் பலகை குடுக்குது" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் வழிகாட்டக் கூடவே நடந்தாள். நடப்பதற்கு அவளுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஞுஞுவுக்கு வந்ததும் ஹிமேனா கேட்டாள்: "இந்த இடத்துக்கு ஏன் இப்படி ஒரு பேரு, எர்மெலிந்தாம்மா? பலகையில எழுதணும்."

எர்மெலிந்தா தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். மலையின் பழைய பாஷை எங்கள் வாயில் இப்போது ஊர்ப்பெயர்களிலும் மாட்டோடு பேசும் பேச்சிலும்தான் மிச்சம். "ஞுஞுன்னா முலை. அந்தக் குன்றப் பாருங்க, அதான். எங்க ஊரு ஆம்பளைங்களுக்கு எதப் பாத்தாலும் அதே நினைப்பு."

ஹிமேனா பார்த்தாள். நாலடி பின்னால் போய்ப் பார்த்தாள். கரைமேல் ஏறிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா அப்படித் தெரியும்?"

"இந்தா, இங்கேர்ந்து... இல்ல, கொஞ்சம் தள்ளி... இருங்க, அந்தப் பக்கம் போனா..."

எந்தப் பக்கம் போனாலும் தெரியவில்லை. குன்று அம்மிக்கல் மாதிரி தட்டையாகக் கிடந்தது. பிறந்ததிலிருந்து ஊரே சொல்லிச் சிரிக்கும் வேடிக்கை அது. யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"சரி, காரணம் தெரியலன்னு எழுதிக்கிறேன்" என்று ஹிமேனா மேலே நடந்தாள்.

எர்மெலிந்தாவுக்கு அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாகிவிட்டது. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அன்று அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. சிவப்புப் பசுவின் கன்று வளர்ந்துவிட்டது, அதற்குப் பால் மறக்கடிக்க வேண்டும். மூக்கில் முள்வளையம் கட்டிவிட்டால் கன்று மடியில் வாய் வைக்கும்போது தாய்க்குக் குத்தும். தாயே உதைத்துத் தள்ளிவிடும். முள்வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை குடித்துக்கொள்ளட்டும் என்று கன்றை அவிழ்த்துவிட்டாள்.

"ஞுஞு, ஞுஞு, ஞுஞு" என்று கூப்பிட்டாள்.

எங்கள் ஊரில் பால் கறக்கும் பெண்கள் எல்லோரும் கன்றை மடிக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் அம்மா கூப்பிட்டாள், அவளும் தினம் கூப்பிடுகிறாள். கன்று ஓடிவந்து மடியை முட்டியது. எர்மெலிந்தாவின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

முலை மட்டுமா அந்தச் சொல்? வா, வந்து குடி என்பதும் அதுதான்.

வாய்க்காலை வெட்டியவர்கள் குன்றைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. அந்த இடத்தில் நின்று மலையைக் கன்றைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் மலை அங்கே வாய் வைத்துக் குடித்திருக்கிறது. குடித்ததைக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழூருக்குக் கொடுத்திருக்கிறது. ஓட்டை என்று அவள் நினைத்தது ஓட்டை இல்லை, வாய். அந்த வாயில் அவள் சிமெண்டால் முள் கட்டிவிட்டாள். கட்டியதற்குப் பேண்டு வாத்தியம் வேறு.

காஞ்சொறி அன்று சாணித்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சிவப்புப் பசு திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டது. முள்வளையம் வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மழைக்கு முன்னால் ஞுஞுவில் சிமெண்டை எடுத்துவிட வேண்டும் என்றாள். மேலூர் பக்கம் ஒரே சலசலப்பு. குளத்துத் தண்ணீரை நம்பி எல்லோரும் மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் போட்டிருந்தார்கள், எர்மெலிந்தாவும்தான்.

செனோபியோ நாற்காலியில் சாய்ந்தார். "அண்ணி, முன்னாடி சிமெண்டு வேணும்னு எங்க வாய அடைச்சீங்க. இப்ப வேணாம்னு அடைக்கிறீங்க. கன்னுக்குட்டியக் கூப்பிட்டீங்களாம், உடனே ஞானம் பொறந்துச்சாம்! நாளைக்குக் கோழியக் கூப்பிட்டா குளத்தத் தூத்துடலாம்பீங்களா?"

"கோழிக்கும் உனக்கும் ஒரே மூளைதான் செனோபியோ, அதக் கேட்டுப் பிரயோஜனமில்ல."

சிரிப்பு அடங்கியதும் ஹிமேனா தயங்கித் தயங்கி எழுந்தாள். "அவங்க சொல்றது சரியா இருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா வாய்க்கால்ல எதையும் அனுமதியில்லாம மாத்தக் கூடாது. புராதனச் சின்னத்துக்கு எல்லைக்கோடு போட்டப்ப சிமெண்டும் உள்ள வந்துடுச்சு."

"என் சிமெண்டு புராதனமா?" எர்மெலிந்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "என் பழைய செருப்புக்கு அதவிட வயசு கூட!"

"அனுமதிக்கு எழுதிப் போடலாம்மா. நானே எழுதுறேன். ஆனா ஒரு வருஷமாவது ஆகும்."

பசிலியா எழுந்தாள். "அந்த ஒரு வருஷம் கீழூரு எதக் குடிக்கிறது? பலகையவா?"

கையைத் தூக்கச் சொன்னார்கள். மேலூரில் கைகள் அதிகம், சிமெண்டு ஜெயித்தது. கலைந்து போகும்போது பசிலியா எர்மெலிந்தா பக்கத்தில் ஒரு கணம் நின்றாள்.

"நல்லாப் பேசினீங்க தலைவியம்மா. சிமெண்டு வேணும்னு கேட்டப்பவும் இதே மாதிரிதான் நல்லாப் பேசினீங்க."

பேச்சால் வந்த வினை பேச்சால் போகாது என்று எர்மெலிந்தாவுக்குப் புரிந்தது.

மழைக்கு முன்னால் வாய்க்காலைச் சுத்தம் செய்யும் நாள் எங்களுக்குத் திருவிழா. வயலினும் கொம்பும் முன்னே போக, தொப்பியில் பூவோடு ஊரே மலையேறும். வீட்டுக்கு ஒரு துண்டு என்று வாய்க்காலைப் பிரித்துக் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டால் தலைவர் வந்து "சுத்தமா?" என்று கேட்டு, வீட்டார் "சுத்தம்" என்று சொல்லும்வரை அந்தத் துண்டில் வேறு யாரும் கால் வைக்கக்கூடாது. அண்ணன் தம்பியானாலும் கூடாது. வைத்தால் அந்த வருஷம் வாய்க்கால் உடையும் என்பது நம்பிக்கை.

எர்மெலிந்தா ஞுஞுவைக் கேட்டாள்.

"அண்ணிக்கு வயசாயிடுச்சுப்பா" என்று செனோபியோ கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "முள்ளு வெட்ட முடியல, வழவழன்னு இருக்குற இடமாக் கேக்குறாங்க. குடுத்துடுங்க."

அவள் வாய் திறக்கவில்லை. வாயாடி வாய் திறக்கவில்லை என்றால் யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கொம்பு ஊதும் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

ஞுஞுவில் கரையோரம் மலைக்குப் படையலாகக் கொஞ்சம் கோக்கா இலை வைத்தாள், சோளக்கள்ளை ஊற்றினாள். பாவாடையைத் தூக்கிச் செருகினாள். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, போர்வைக்குள் சுற்றி முதுகில் கொண்டுவந்திருந்த கடப்பாரையை எடுத்தாள். முதல் குத்துக்குச் சிமெண்டு பொறி பறக்க எதிர்த்தது. நல்ல கலவை, நின்று பார்த்துப் போடவைத்தவள் அவள்தானே. தன் கைவேலை அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. திட்டிக்கொண்டே குத்தினாள். செனோபியோவைத் திட்டினாள், நகரத்தைத் திட்டினாள், அதிகமாகத் தன்னைத்தான் திட்டினாள். ஒரு பாளம் பெயர்ந்து, அடியில் பழைய கற்கள் தெரிந்தன. நிறுத்தவில்லை.

வயலின் நின்றது. செனோபியோ ஓடிவந்து அவள் துண்டின் விளிம்பில், கயிறு கட்டிய மாதிரி நின்றார். உள்ளே கால் வைக்க முடியாது.

"அண்ணி! உங்களுக்குக் குடுத்தது சுத்தம் பண்ண!"

"அதத்தான பண்றேன். அழுக்கு எடுக்குறேன்."

"அது சிமெண்டு!"

"ஆமா. அழுக்கு சிமெண்டா இருக்கு, நான் என்ன பண்றது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள், யாரோ ஏசினார்கள். ஹிமேனாவும் கூட்டத்தோடு வந்திருந்தாள். படம் எடுக்கக் கையில் வைத்திருந்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நான் இன்னும் இந்தப் பக்கம் வரல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். தூரத்தில் தன் துண்டில் நின்ற பசிலியா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். கிட்ட வரவில்லை.

அடித்தளம் முழுக்கப் பெயர்ந்த பிறகுதான் எர்மெலிந்தா நிமிர்ந்தாள். பெயர்க்கல்லை அவள் தொடவில்லை. "அது இருக்கட்டும்" என்றாள். "யாரு கட்டினது, யாரு உடைச்சதுன்னு பின்னாடி வர்றவங்க தேட வேணாம். இப்ப கேளுங்க தலைவரே."

செனோபியோ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "சுத்தமா?"

"சுத்தம்."

தண்டனையைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவளே எழுதிவைத்த சட்டம் தயாராக இருந்தது. அந்தப் பருவம் முழுக்க அவளுக்கு முறைத்தண்ணீர் இல்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்று மேலூர் சொன்னது. மறுபடி சிமெண்டு பூசலாம் என்று செனோபியோ கிளம்பினார். ஹிமேனா அவரிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "அனுமதியில்லாமப் பூசக்கூடாதுங்க. எழுதிப் போடலாம். ஒரு வருஷமாவது ஆகும்."

மழை வந்தது. தாமதமாக, கோபத்தோடு வந்து, அவசரமாகப் போனது. வாய்க்காலில் வந்த தண்ணீரில் பாதி ஞுஞுவில் இறங்கி மறைந்தது. குளம் அரைக்குமேல் ஏறவில்லை. மேலூரில் அவளைப் பார்த்தால் துப்பினார்கள். மழை நின்றதும் அவளுடைய குதிரைமசால் கருகியது. சிவப்புப் பசுவையும் கன்றையும் தவிர மற்ற மாடுகளை விற்றாள். விற்றுவிட்டு ஊற்றைப் பார்க்க ஓடினாள். ஒன்றுமில்லை. மறுநாளும் ஓடினாள். ஒன்றுமில்லை. மலை குடித்ததா, சும்மா உறிஞ்சிக்கொண்டதா? இத்தனை வருஷம் வாய் மூடிக் கிடந்த மலைக்குக் கொடுக்க மறந்துபோயிருந்தால்? காலம்தான் கெட்டது என்று மேலூர்க்காரர்கள் சொன்னதே சரியாக இருந்துவிட்டால்? இரண்டு தடவையும் தப்புச் செய்தவள் என்று ஊர் பேசட்டும், தாங்கலாம். பசிலியா வீட்டு வாசலில் மூட்டைகள் கட்டிவைத்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அறுவடை முடிந்ததும் லாரி வரும் என்றார்கள். அதன்பிறகு எர்மெலிந்தா கீழூருக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

உருளைக்கிழங்கெல்லாம் தோண்டி எடுத்து, புல்வெளி வெளுத்துப்போன ஒரு காலையில் நின்றுகொண்டே சூப்பு குடித்துக்கொண்டிருந்தாள். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு பசிலியா வந்தாள். செருப்பைக் காணோம். பாவாடை விளிம்பிலிருந்து முழங்கால்வரை கருப்பாகச் சேறு. மழை போய் எவ்வளவோ நாளாயிற்று, ஊரில் எங்கேயும் சேறு கிடையாது.

எர்மெலிந்தா அந்தச் சேற்றையே பார்த்தாள்.

"அதிகமாக் குடிச்சிருச்சு போல, கொமாத்ரே" என்றாள் பசிலியா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உன் மலை பால் கக்கியிருக்கு."

எர்மெலிந்தா கிண்ணத்தை வைத்துவிட்டு வாசலுக்குப் பாய்ந்தாள். பசிலியா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி ஓடுற? அது இனிமே எங்கயும் ஓடாது. உக்காரு. உக்காந்து அந்தச் சூப்பக் குடி. எனக்கும் கொஞ்சம் ஊத்து."

எர்மெலிந்தா உட்கார்ந்தாள்.